கேம் படிக்கிற தம்பிக்கு: உனக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டால்

தம்பி, நீ கேட்டதை மற்றவர்களுக்கும் புரியும்படி முதலில் சொல்லிவிடுகிறேன். உனக்குத் தொண்டிப் பக்கம் ஒரு கடற்கரை ஊர். சென்னையில் கேம் டிசைன் இரண்டாம் ஆண்டு படிக்கிறாய். ஒரு நிறுவனத்தில் இன்டர்ன்ஷிப்புக்கு மனு போட்டபோது, படிக்கிற புத்தகம், ரசிக்கிற பொழுதுபோக்கு, கேம் அல்லாத ஹாபி இவற்றைப் பற்றி ஒரு பக்கம் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். "அண்ணே, கூடப் படிக்கிற பசங்க ஜப்பான் நாவல், ஐரோப்பிய சினிமா என்று எழுதுகிறார்கள். எனக்குத் தெரிந்தது போனில் ஆடுகிற கேமும், ஊரில் வலை இழுத்ததும், அப்பத்தாவோடு தாயம் ஆடியதும்தான். அதையா எழுத முடியும்?" என்று கேட்டிருக்கிறாய்.

அதைத்தான் எழுத வேண்டும். எப்படி எழுதுவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். நான் பாம்பன்காரன். பதினைந்து வருடமாக கேம் கம்பெனிகளில் லெவல் டிசைன், அதாவது கேமின் ஒவ்வொரு கட்டத்தையும் அமைத்துக் கொடுக்கிற வேலை. ஆள் எடுக்கும் மேசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்திருக்கிறேன்.

அந்தக் கேள்வியை ஏன் கேட்கிறார்கள் என்று முதலில் தெரிந்துகொள். வருகிற மாணவர்கள் பத்துப் பேரில் எட்டுப் பேர் அதே ஐந்தாறு கேம்களைத்தான் ஆடியிருப்பார்கள். அவர்கள் செய்து காட்டும் மாதிரிகளும் அந்த ஐந்தாறின் சாயலில்தான் இருக்கும். கேமிலிருந்தே கேம் செய்தால் ஜெராக்ஸிலிருந்து ஜெராக்ஸ் எடுத்த மாதிரி, போகப் போக எழுத்து மங்கிவிடும். இவனிடம் வேறு ஊற்று இருக்கிறதா என்று பார்க்கத்தான் அந்த ஒரு பக்கம்.

கேம் செய்தவர்களில் பெரிய பெயர்களை எடுத்துப் பார். ஷிகெரு மியாமோட்டோ சின்ன வயதில் கியோட்டோ பக்கம் சோனோபே என்ற ஊரில் காடு மேடெல்லாம் சுற்றியவர். ஒரு குகையைக் கண்டுபிடித்து விளக்கை எடுத்துக்கொண்டு உள்ளே போனவர். அந்தப் பயமும் ஆசையும் சேர்ந்துதான் 1986-ல் செல்டா என்ற கேமாக வந்தது. பிறகு வீட்டுத் தோட்ட வேலையில் இறங்கினார்; 2001-ல் பிக்மின் வந்தது. சதோஷி தஜிரி பூச்சி பிடித்துச் சேர்த்த பையன். 1996-ல் போக்கிமான் வந்தது. வில் ரைட்டின் வீடு 1991-ல் ஓக்லாந்தில் பரவிய தீயில் எரிந்துபோனது. மறுபடி ஒவ்வொரு பொருளாக வாங்கும்போது, வாழ்வதற்கு உண்மையில் எது எது வேண்டும் என்ற யோசனை வந்தது. அந்த யோசனைதான் 2000-ல் த சிம்ஸ். ஜோர்டன் மெக்னர் தன் தம்பியை ஓடவும் குதிக்கவும் சொல்லி வீடியோ எடுத்து, அதை ஃபிரேம் ஃபிரேமாகப் பார்த்து வரைந்து 1989-ல் பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவைக் கொண்டுவந்தார். அந்தக் கதாபாத்திரம் விளிம்பில் தொற்றி ஏறும்போது இன்றைக்கும் உடம்பு பதறுகிறது என்றால், அங்கே நிஜமான ஒரு தம்பி ஏறியிருக்கிறான்.

இவர்கள் எல்லாம் வெளிநாட்டார்தானே என்பாய். சரி, வெண்பா என்ற கேமுக்கு வா. டொராண்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் 2023-ல் வெளியிட்டது. எண்பதுகளில் கனடாவுக்குப் போன ஒரு தமிழ்க் குடும்பம். அம்மா வீட்டிலிருந்து கொண்டுவந்த சமையல் குறிப்பு நோட்டில் எழுத்து அழிந்துபோயிருக்கிறது. விட்டுப்போன படியை நாமே யோசித்துச் சமைக்க வேண்டும். முதல் சமையலே இட்லி. அவ்வளவுதான் கேம். 2024-ல் சிறு குழுக்கள் செய்யும் கேம்களுக்கான ஐஜிஎஃப் விழாவின் பெரும் பரிசையும், பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு அறிமுக கேமுக்குத் தரும் விருதையும் அது வாங்கியது. இட்லித் தட்டை எந்த வரிசையில் அடுக்க வேண்டும் என்பது நம் வீட்டில் யாருக்கும் பெரிய விஷயமில்லை. தெரியாதவனுக்கு அது ஒரு புதிர். நீ அன்றாடம் பார்த்துப் பழகியது இன்னொருவனுக்குப் புதிர் என்ற இந்த இடத்தைப் பிடித்துக்கொள், மீதியெல்லாம் இங்கிருந்துதான் வருகிறது.

இனி உன் அப்பத்தாவிடம் வருவோம். தாயக்கட்டை இரண்டு. ஒவ்வொன்றிலும் நான்கு பக்கம்: ஒன்று, இரண்டு, மூன்று, ஒன்றுமில்லாத வெறும் பக்கம். இரண்டையும் உருட்டினால் பதினாறு விதமாக விழலாம். ஒரு தாளில் எழுதிப் பார். தாயம் விழ ஒரு கட்டையில் ஒன்றும் மற்றதில் வெறும் பக்கமும் வர வேண்டும். பதினாறில் இரண்டு வழி. இரண்டும் வெறும் பக்கமாக விழுந்தால் பன்னிரண்டு; அதற்கும் ஆறுக்கும் ஒவ்வொரு வழி. ஐந்துக்கு இரண்டு. இரண்டுக்கும் நான்குக்கும் மும்மூன்று. மூன்றுக்குத்தான் அதிகம், நான்கு வழி. தாயம் போட்டால்தான் காய் இறங்கும் என்ற விதி, எட்டில் ஒரு வாய்ப்பை வாசலில் காவலுக்கு நிறுத்துகிறது. எட்டு முறை உருட்டியும் தாயமே விழாமல் போகிற வாய்ப்பு மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். "எனக்கு மட்டும் விழவே மாட்டேங்குதே" என்று உன் சித்தப்பா புலம்பினாரே, அவர் சொன்னது கணக்குப்படி அடிக்கடி நடக்கிற சங்கதி. தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் மறுபடி உருட்டலாம் என்கிறோம். அவை நான்கும் சேர்ந்து பதினாறில் ஆறு. அடிக்கடி நடந்து சலிக்கவும் செய்யாது, நடக்காமலே ஏங்க விடவும் செய்யாது. நம் ஊர்த் திண்ணையில் யாரோ எப்போதோ ஆடி ஆடிப் பார்த்துச் சரிசெய்த அளவு இது.

கட்டை இல்லாவிட்டால் சோழி. கடற்கரைக்காரர்களுக்கு அது கிடைக்காத பொருளில்லை. ஆனால் சோழி காசு மாதிரி இரண்டு பக்கமும் சமமாக விழாது. முதுகு உருண்டை, வாய் தட்டை. பெரிய சோழி ஒரு மாதிரி விழும், சின்னது வேறு மாதிரி விழும். ஆறு சோழியை எடுத்து நூறு முறை போட்டு, ஒவ்வொரு முறையும் எத்தனை மல்லாந்தது என்று குறித்துக்கொள். ஒரு சாயங்கால வேலைதான். அந்த ஒரு பக்கக் குறிப்பை விண்ணப்பத்தோடு வைத்தால் நான் முதலில் படிப்பது அதைத்தான்.

பல்லாங்குழியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பக்கத்துக்கு ஏழாகப் பதினான்கு குழி. குழிக்கு ஐந்து என்று எழுபது காய். புளியங்கொட்டையோ சோழியோ, எதுவாக இருந்தாலும் சரி. போட்டுக்கொண்டே போகும்போது ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் அது பசு. அந்தக் குழிக்காரர் எடுத்துக்கொள்ளலாம். எதிராளி ஆடிக்கொண்டிருக்கும்போதும் என் குழியில் எங்கே பசு விழும் என்று கண் கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அடுத்தவர் முறையின்போது ஆட்டக்காரரைச் சும்மா விடாமல் வைத்திருப்பது எப்படி என்று இன்றைக்கும் மீட்டிங் போட்டுப் பேசுகிறோம். என் அம்மாச்சி அதைத் தரையில் குழி தோண்டி விளையாடியிருக்கிறாள்.

அதைவிட எனக்குப் பிடித்தது கஞ்சி. ஒரு சுற்று முடிந்ததும் அவரவர் வென்ற காயை வைத்து அவரவர் குழியை நிரப்ப வேண்டும். தோற்றவருக்கு ஒரு குழிக்கு ஐந்துகூடத் தேறவில்லை என்றால் ஆட்டம் அத்தோடு முடிந்துவிட வேண்டியதுதானே? எங்கள் வீட்டில் முடியாது. கையில் மிச்சமிருக்கிற நான்கோ மூன்றோ, அதைக் குழிக்கு ஒன்றாக வைத்து ஆடலாம். இதற்குக் கஞ்சி காய்ச்சுவது என்று பெயர். இல்லாதவர் வீட்டிலும் கஞ்சியாவது காய்ச்சி அடுத்த வேளையைப் பார்ப்பார்களே, அந்தக் கணக்கு. என் அம்மாச்சி மூன்று காயில் கஞ்சி காய்ச்சி, அதிலிருந்து மெல்ல மெல்ல ஏறிவந்து என்னைத் தோற்கடித்த மத்தியானம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. காயை எண்ணும்போது அவள் உதடு அசையும், சத்தம் வராது. விழுந்தவனுக்கு ஒரு சின்னக் கதவைத் திறந்து வைக்க வேண்டும் என்பதை நான் எந்த வகுப்பிலும் கற்கவில்லை.

ஆடு புலி ஆட்டமும் தெரிந்திருக்கும். மூன்று புலி, பதினைந்து ஆடு. இரண்டு பக்கத்துக்கும் பலம் வேறு, குறிக்கோள் வேறு. பரமபதம் சோபானம் வேறு ரகம், அதில் உன் திறமைக்கு வேலையில்லை. பாம்பும் ஏணியும் எந்தக் கட்டத்தில் வைக்கப்பட்டிருக்கின்றன என்பதே சொல்லவந்த கதை.

வலை இழுத்தேன் என்றாயே. கரைவலைதானே? அதை ஒரு வரியில் தள்ளிவிட்டாய், எனக்கு ஆறவில்லை. வள்ளம் வலையை அரைவட்டமாகக் கடலில் விட்டுவிட்டுக் கரைக்கு வரும். கயிற்றின் இரண்டு முனையையும் இரண்டு கூட்டம் பிடித்து இழுக்கும். ஒரு பக்கம் வேகமாக இழுத்தால் வலை கோணிக்கொள்ளும், மீன் நழுவும். அதனால் ஒருவர் அம்பா பாட்டை எடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் வாங்கிப் பாடிக்கொண்டே கால் மாற்றிப் பின்னால் போவார்கள். இழுக்க இழுக்க இரண்டு கூட்டமும் நெருங்கி வரும். மீன் சேரும் பையான மடி இன்னும் தண்ணீருக்குள் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கயிறு கையில் அதிர ஆரம்பித்துவிடும். உள்ளே என்ன இருக்கிறது என்று முதலில் சொல்வது உள்ளங்கைதான். சில நாள் மடி கனமாக வரும், திறந்து பார்த்தால் சொறிமீனும் பாசியும். சில நாள் சாளை மின்னும்.

தாளம் தவறக்கூடாத ஆட்டம், இரண்டு அணி ஒன்றையொன்று பார்த்து வேகத்தைச் சரிசெய்ய வேண்டிய ஆட்டம், கடைசி வரைக்கும் பலன் மறைந்திருக்கிற ஆட்டம். போன் அதிர்வதை வைத்து அந்தக் கயிற்றின் அதிர்வைக் கொண்டுவர முடியுமா? என் முதல் வேலைக்கான நேர்காணலில் கேம் தவிர என்ன தெரியும் என்று கேட்டபோது நான் சொன்னது இதைத்தான். அதுவரை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, "கயிறு எந்த இடத்தில் அதிர ஆரம்பிக்கும்?" என்று கேட்டார்.

அதற்கு முன்னால், கல்லூரியில் நான் செய்த கேம் பனி பெய்கிற ஒரு பைன் காடு. நான் பனியில் நடந்ததே இல்லை. காலடிச் சத்தத்தை இணையத்தில் எடுத்துப் போட்டேன். ஆடிப் பார்த்தவர்கள் எல்லோரும் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு மறந்துபோனார்கள். மணல் எனக்குத் தெரியும். தனுஷ்கோடியில் காய்ந்த மணல் காலை வாங்கும், ஈர மணல் தாங்கும், அலை இழுத்துப்போகும் மணல் குதிகாலுக்கு அடியில் கரையும். இந்த மூன்றையும் வேறுபடுத்திக் காட்டினாலே ஒரு லெவல் ஆகிவிடும். 2012-ல் வந்த ஜர்னியை ஆடிப் பார், பெரும்பகுதி மணலில் நடப்பதும் சறுக்குவதும்தான்.

நம் கரையில் விதிகளுக்குப் பஞ்சமே இல்லை. வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று காற்றுக்குத் திசைக்கொரு பெயர். கச்சான் அடித்தால் யார் கடலுக்குப் போவது, யார் போகக்கூடாது என்பது சின்னப் பிள்ளைக்கும் அத்துப்படி. ஒரே நிலத்துண்டின் ஒரு பக்கம் சாதுவான பெண் கடல், மறுபக்கம் முரட்டு ஆண் கடல். ராமேஸ்வரம் பக்கம் நெடுங்காலமாக விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்று ஒரு ஏற்பாடு உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. பாசி எடுக்கப் போகிற பெண்கள் மாதம் முழுவதும் போவதில்லை. அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்கள்தான் அவர்களுக்குக் கணக்கு. ஒரே கடலைப் பலரும் தீர்ந்துபோகாமல் பங்கிட்டுக்கொள்வது எப்படி என்ற கேள்விக்கு மனிதர்கள் சண்டை போட்டும் பேசியும் எழுதிய பதில்கள் இவை. இவற்றை வைத்து ஒரு போர்டு கேம் செய்யலாம். நீ செய்யாவிட்டால் யார் செய்வார்கள்?

எங்கள் பாம்பன் பாலமும் அப்படித்தான். 1914-ல் திறந்த பழைய பாலத்தின் தூக்கு மடல்களை அப்போது ஆட்கள் கையால் சுற்றித்தான் திறப்பார்கள். கப்பல் காத்திருக்கும், நாங்களும் காத்திருப்போம். காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் அந்தப் பாலத்தில் ரயிலுக்கு வழி கிடைக்காது. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக 17 மீட்டர் மேலே போகிறது. எனக்குப் பழையது பிடிக்கும். மடல் மெதுவாகப் பிரிவதைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த நேரத்தின் நீளத்தை, என் லெவல்களில் ஒரு கதவு திறக்கிற இடத்திலெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.

புத்தகத்துக்கு வருகிறேன். பட்டியல் தரப்போவதில்லை, கேட்காதே. மனுவில் எழுதுவதற்காக ஒரு நாவலைப் பிடிக்காமல் படித்தால், நேர்காணலில் இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும். கையில் எளிதாகக் கிடைப்பதிலிருந்து தொடங்கு. சங்கப் பாடல்களில் நெய்தல் திணையை மட்டும் உரையோடு எடுத்து வாசி. நண்டை விரட்டி விளையாடுகிற பெண்கள் வருவார்கள், மணலில் சிற்றில் கட்டுகிறவர்கள் வருவார்கள், அலை வந்து அதை அழிக்கும். நாலைந்து வரிக்குள் இடம், பொழுது, மரம், பறவை, மனசு எல்லாவற்றையும் வைத்துவிடுகிறார்கள். ஒரு லெவலுக்குச் சூழல் அமைக்க இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது. புன்னையும் தாழையும் உனக்கு அகராதிச் சொற்கள் இல்லை, வீட்டுக்குப் பின்னால் நிற்கிற மரங்கள்.

காமிக்ஸ் படிப்பதைச் சொல்ல வெட்கப்படாதே. சிவகாசியிலிருந்து 1972-ல் முத்து காமிக்ஸும் 1984-ல் லயனும் வரத் தொடங்கின. கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவில் இருக்கிற வெள்ளை இடைவெளியில் என்ன நடந்தது என்பதை வாசகனே நிரப்பிக்கொள்கிறான். எதைக் காட்டுவது, எதை விடுவது என்பதை அங்கே கற்கலாம். அப்புறம் துப்பறியும் கதை, எதை எப்போது சொல்வது என்பதற்காக. மீன்களைப் பற்றி, பறவைகளைப் பற்றி, நம் மாவட்ட வரலாற்றைப் பற்றி நூலகத்தில் கிடைக்கிற எதுவும். ராமநாதபுரத்தில் மாவட்ட மைய நூலகம் இருக்கிறது. லீவில் ஊருக்கு வரும்போது பஸ் ஸ்டாண்டிலிருந்து நேராக வீட்டுக்குப் போகாமல் ஒரு அரை நாள் அங்கே இறங்கு.

சினிமாவைப் பற்றி நான் அதிகம் சொல்ல மாட்டேன், எல்லோரும் சொல்வார்கள். உனக்குப் பிடித்த மசாலாப் படமே போதும். சண்டைக் காட்சியைச் சத்தத்தை நிறுத்திவிட்டு ஒருமுறை பார். கேமரா எங்கே நிற்கிறது என்று தெரியும். அதைவிட ஒரு நாள் விடியற்காலை மீன் ஏலத்தைப் போய்ப் பார். ஏலம் விடுகிறவரின் குரல் எங்கே ஏறுகிறது, எங்கே நிற்கிறது, வாங்குகிறவர் கண்ணாலேயே எப்படிச் சம்மதம் சொல்கிறார் என்று கவனி. ஏர்வாடி சந்தனக்கூட்டிலும் நம் ஊர் முளைப்பாரியிலும் அவ்வளவு கூட்டம் எப்படி முட்டாமல் நகர்கிறது என்று பார். தொண்டிப் பக்கம் திருவிழாவுக்குப் பாய்மரப் படகுப் போட்டி வைப்பார்களே, அது உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். பாயைத் திருப்பும் நொடியில் படகில் இருப்பவர்கள் எல்லோரும் ஒரே பக்கம் சாய்வார்கள். எந்தப் பக்கம், ஏன் என்று உன்னால் ஒரு பத்தி எழுத முடியும். கூடப் படிக்கிறவர்களால் முடியாது.

ஹாபி என்றால் பணம் செலவாகிற ஒன்று என்று நினைக்காதே. போனில் ஒலிப்பதிவு செய். வலை பின்னுகிற சத்தம், வள்ளத்து எஞ்சின் கரையை நெருங்கும்போது மாறுகிற சத்தம், பனை ஓலையில் காற்று. நோட்டில் பறவை வரை. தனுஷ்கோடிப் பக்கம் பூநாரை வரும் காலத்தில் போய் உட்கார், 2025-ல் அந்த இடத்தைப் பூநாரைச் சரணாலயமாகவே அறிவித்துவிட்டார்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன்: உயிருள்ள சங்கு சிப்பியைப் பொறுக்காதே, பவளப்பாறைத் துண்டைத் தொடாதே. பவளம் எடுப்பது வனவிலங்குச் சட்டப்படி குற்றம், மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா. படம் எடு, வரை, போதும்.

போனில் ஆடுகிற கேமையும் மறைக்க வேண்டாம். பெயரை மட்டும் எழுதாமல், ஒரே ஒரு இடத்தை எடுத்துச் சொல். எந்த நொடியில் உனக்கு மூச்சு நின்றது, அந்த நொடிக்கு முன்னால் விளையாட்டு உன்னை என்ன செய்ய வைத்திருந்தது என்று. அதே கேள்வியை அம்பா பாட்டுக்கும், கஞ்சி காய்ச்சுவதற்கும் கேட்டு எழுது. ஒரு பக்கம்தான் கேட்டிருக்கிறார்கள், மூன்று விஷயத்துக்கு மேல் வேண்டாம். தாயக் கணக்கு ஒன்று, கரைவலை ஒன்று, நிஜமாகவே படித்து முடித்த ஒரு புத்தகம் ஒன்று. தமிழில் யோசித்து எழுதிவிட்டு அப்புறம் ஆங்கிலத்தில் மாற்று. கரைவலை, அம்பா, மடி ஆகிய சொற்களை அப்படியே வைத்து, பக்கத்தில் ஒரு வரியில் விளக்கினால் போதும்.

தடைக்காலத்தில் ஊருக்குப் போவாய் என்று நினைக்கிறேன். படகெல்லாம் கரையில் நிற்கும், நிழலில் நாலு பேர் வலையைச் சரிசெய்துகொண்டோ தாயம் ஆடிக்கொண்டோ இருப்பார்கள். நோட்டோடு போய் உட்கார். அப்பத்தாவிடம் பல்லாங்குழி விதிகளை முதலிலிருந்து சொல்லச் சொல்லி, அவர் சொல்கிற வார்த்தையிலேயே எழுதி எனக்கு அனுப்பு. நாங்கள் கஞ்சி என்பதற்கு உங்கள் ஊரில் என்ன பெயர் என்பதையும் மறக்காமல் கேட்டு எழுது.